கையெழுத்துக்கு இரண்டு பேர்

தக்குவாரெம்போவுக்கு வடக்கே
தார் ரோடு முடிந்த பின்னும் பதினேழு கிலோமீட்டர்.
செத்த வண்டிகளை இழுத்து வருவது என் பிழைப்பு.
பக்கத்து இருக்கையில் மொந்தேவீதியோ பல் டாக்டர்,
பெந்தாங்கூர் என்று பெயர்,
வழியெல்லாம் ஒரே கேள்வி:
கூரை ஒழுகியிருக்குமா?

ஒழுகியிருந்தது.
டிக்கிக்கு மேலே மட்டும்.

கம்பளி மூட்டைகள், அறுந்த சேணம்,
ஆட்டு மருந்து தீர்ந்த தகர டப்பாக்கள்,
எல்லாவற்றுக்கும் பின்னால்
குண்டு மூக்கை நீட்டிக்கொண்டு
ஐம்பதாம் வருடத்து ஸ்டூடிபேக்கர்.
பச்சை என்றார்கள்.
டாக்டர் கைக்குட்டையால் துடைத்தார்.
ஒரு சாண் பச்சை வந்தது.
அதோடு நிறுத்திக்கொண்டார்,
மீதியை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறவர் போல.

பின் இருக்கையில் ஒரு கோழி.
டிக்கெட் எடுத்த தோரணையில் எங்களைப் பார்த்தது.
எழுந்திருக்கவில்லை.

மல்லாந்து படுத்து டார்ச் அடித்து
துரு தின்ற ஓட்டைகளை எண்ணினார் டாக்டர்:
இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் இரண்டு.
வேர் வரை போகாத சொத்தை.

வாசலில் நின்ற இருவருக்கும்கூடச்
சொத்தைப் பற்றித்தான் பேச்சு,
பேசினால்.

நெலிடா எட்செகராய் கையில் சாவி.
தம்பி ஒலெகாரியோ கையில் பதிவுப் புத்தகம்.
உயில் எழுதாமல் அப்பா போய் நாற்பத்தொரு வருடம்.
நிலத்தை முள்கம்பி இழுத்துப் பிரித்தார்களாம்.
ஆடுகளைத் தலை எண்ணிப் பிரித்தார்களாம்.
ஒற்றையாய் மிஞ்சிய ஆட்டை அறுத்து
ஆளுக்குப் பாதி.
"காரையும் யோசித்தோம்" என்றார் ஒலெகாரியோ.
வேடிக்கைக்குச் சொன்ன மாதிரி இல்லை.

"விலை போதாது என்று அந்தம்மாவிடம் சொல்லுங்கள்."
அந்தம்மா நாலடி தள்ளி நிற்கிறார்.
"போதும் என்று அவரிடம் சொல்லுங்கள்."
நான் சொன்னேன்.
இழுவைக் கூலியில் இது சேராது.

சாவி பூட்டில் திரும்பவில்லை.
திரும்பியிருக்க வேண்டியதும் இல்லை,
கதவு திறந்தேதான் இருந்தது.

ஓட்டுநர் பக்கச் சாம்பல் கிண்ணம் நிறைய
கையால் சுருட்டிய சிகரெட்டின் துண்டுகள்.
அந்தப் பக்கம், வெயில் மறைப்பில் செருகி,
விழாத லாட்டரிச் சீட்டுகள்,
ரப்பர் பேண்டு போட்டு, வருடம் வருடமாக.
நெலிடா கிண்ணத்தைப் பார்த்தார்.
ஒலெகாரியோ சீட்டுகளைப் பார்த்தார்.
சாயங்காலத்து ஆள் ஒருவர்,
காலையில் வருகிறவர் ஒருவர்.

"கோழிக்காக நான் இறக்கிவிடும் கண்ணாடியை
ஏற்றிவிட்டது நீயா?"

என்னிடம் கேட்கவில்லை.

"மழைக்கு மட்டும்" என்றார் தம்பி.
கொஞ்ச நேரம் கழித்து,
"கோழி வெளியே போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான்."

அவ்வளவுதான்.
கட்டிப்பிடிக்கவில்லை, கண் கலங்கவில்லை.
பானட்டின் மேல் காகிதத்தை விரித்தோம்.
இரண்டு கையெழுத்திலும்
கடைசி எழுத்தின் வால் ஒரே மாதிரி
கோட்டுக்குக் கீழே இறங்கியது.

வின்ச் இழுத்தபோது
மண்ணோடு ஒட்டியிருந்த டயர்கள்
பிளாஸ்திரி உரிக்கிற சத்தத்தோடு பிரிந்தன.
கார் நின்ற இடம் வெளிறி, காய்ந்து,
நான்கு மூலையோடு தரையில் கிடந்தது.
கண்ணாடியில் பார்த்தேன்:
ஆளுக்கொரு விளிம்பில் நின்றார்கள்,
உள்ளே கால் வைக்காமல்.

டோல்கேட்டில்தான் கவனித்தோம்,
கோழி இறங்கவே இல்லை.
அடியில் ஒரு முட்டை வேறு.

"யாருடையது இது? திருப்பிக் கொடுத்துவிடலாமா?"
டாக்டர் நல்ல மனிதர்.

நான் சில்லறையை வாங்கிப் பையில் போட்டேன்.
இந்தக் கோழிக்குச்
சாவியும் இல்லை, காகிதமும் இல்லை.
இன்னொரு நாற்பத்தொரு வருடம் ஆகும்.

கியரை மாற்றினேன்.